முடி வெட்டிய அக்கா, படிப்பை விட்ட அண்ணன்



நினைவுரை மேடைகளில் நாம் வழக்கமாக மாநாடுகளைப் பற்றிப் பேசுவோம். தீர்மானங்களையும் போராட்டங்களையும் சட்டங்களையும் பற்றிப் பேசுவோம். அவையெல்லாம் பேசப்பட வேண்டியவைதான். நம் முன்னோடிகளின் பெயரைக்கூடப் பாடநூல்கள் சொல்லாத நாட்டில் அந்தப் பெயர்களையும் ஆண்டுகளையும் மீட்டெடுப்பதே பெரும் போராட்டமாக இருந்தது, இன்றும் இருக்கிறது. ஆனால் அப்படி மீட்கப்பட்ட வரலாறுகளில் தலைவர் பெரும்பாலும் தனியாகவே வருகிறார். தனியாகப் படிக்கிறார், தனியாக அவமானப்படுகிறார், தனியாக எழுந்து நிற்கிறார். நம் ஊர்களில் இரும்புக் கூண்டுக்குள் நிற்கும் அண்ணல் அம்பேத்கர் சிலையைப் போலவே புத்தகங்களிலும் அவர் தனியாக நிற்கிறார்.

அந்தச் சிலைக்குப் பின்னால் ஒரு வீடு இருந்தது. அந்த வீட்டில் நடக்கவே சிரமப்பட்ட ஓர் அத்தை இருந்தார். தம்பிகளுக்கு முடி வெட்டிவிட்ட அக்கா இருந்தார். தம்பி படிக்கட்டும் என்று தன் படிப்பை நிறுத்திக்கொண்டு வேலைக்குப் போன அண்ணன் இருந்தார். மகளின் நகையை அடகு வைத்துப் புத்தகம் வாங்கிவந்த அப்பா இருந்தார். பிறகு அந்த வீட்டுக்கு ரமாபாய் வந்தார். இவர்களில் ரமாபாயைத் தவிர மற்றவர்களை நாம் அதிகம் பேசியதில்லை. ரமாபாயையும் 'அன்னை' என்று வணங்குகிறோமே தவிர, அவர் செய்த வேலை என்ன என்று கேட்பதில்லை.

இன்றைய உரையில் இவர்களைப் பற்றித்தான் பேசுகிறோம். பாபாசாகேப்பின் பெருமைக்குத் துணைச்செய்தி சேர்ப்பது நம் நோக்கம் இல்லை. சாதி ஒரு குடும்பத்துக்கு எதையெல்லாம் மறுத்ததோ, அதையெல்லாம் அந்தக் குடும்பத்தின் கைகளே செய்து ஈடுகட்டின. அந்த உழைப்பு இல்லாமல் நமக்கு ஒரு விடுதலை இயக்கம் கிடைத்திருக்காது. ஆகவே அது வரலாற்றில் எழுதப்பட வேண்டிய உழைப்பு. இதுதான் நாம் சொல்ல வருவது.

சத்தாரா வீடு

அம்பேத்கர் 1891 ஏப்ரல் 14 அன்று மாவ் ராணுவக் குடியிருப்பில் பிறந்தார். தந்தை ராம்ஜி மாலோஜி சக்பால் ராணுவத்தில் சுபேதார். ராணுவப் பள்ளியில் ஆசிரியராகவும் இருந்தவர். தாய் பீமாபாய். அவர்களுக்குப் பிறந்த பதினான்கு குழந்தைகளில் கடைசியாகப் பிறந்தவர் பீமராவ். பிழைத்து வளர்ந்தவர்கள் சிலரே. ராம்ஜி ஓய்வு பெற்றபின் குடும்பம் கொங்கணப் பகுதியிலுள்ள தாபோலிக்குப் போனது. அங்கிருந்து சத்தாராவுக்கு வந்தது. சத்தாராவில் பீமாபாய் இறந்துபோனார். பீமராவ் அப்போது சிறு பையன்.

இந்தச் சத்தாரா வீட்டைப் பற்றி அம்பேத்கரே எழுதியிருக்கிறார். 'விசாவுக்காகக் காத்திருத்தல்' என்று தமிழில் அறியப்படும் அந்தச் சிறு நினைவுக்குறிப்பை நம் மாணவர்களில் பலர் படித்திருப்பீர்கள். தீண்டாமை என்று ஒன்று இருக்கிறது என்பது வெளிநாட்டவர்களுக்குத் தெரியும், அது எப்படி நடக்கிறது என்பது தெரியாது. அவர்களுக்குப் புரியவைக்க அவர் எழுதிய குறிப்பு அது. கோரேகானுக்கு மாட்டுவண்டியில் போன பயணத்தையும் வழியில் தண்ணீர் கிடைக்காமல் தவித்த இரவையும் எல்லோரும் நினைவில் வைத்திருக்கிறோம். அந்தப் பயணத்தைச் சுற்றி அவர் எழுதியுள்ள வீட்டுச் செய்திகளையும் ஒருமுறை நிறுத்திப் படிக்க வேண்டும்.

1901 வாக்கில் நடந்தது அது. பஞ்சத்தில் மக்கள் ஆயிரக்கணக்கில் மடிந்துகொண்டிருந்த காலம். பஞ்ச நிவாரண வேலையாக அரசு ஏரி வெட்டிய இடத்தில் ராம்ஜி காசாளராக வேலைக்குப் போயிருந்தார். சத்தாரா வீட்டில் நான்கு பையன்கள் இருந்தார்கள்: பீமராவ், அவருடைய அண்ணன், இறந்துபோன மூத்த அக்காளின் இரண்டு பிள்ளைகள். அவர்களுக்குத் துணையாக ராம்ஜியின் சகோதரி, அத்தை மீராபாய். அத்தையின் அன்பைப் பற்றிச் சொல்லும் அம்பேத்கர், அவரது உடல்நிலையையும் மறைக்காமல் சொல்கிறார். குள்ளமான உருவம், கால்களில் கோளாறு, யாராவது கைகொடுத்தால்தான் நகர முடியும், பல நேரம் தூக்கித்தான் உட்கார வைக்க வேண்டும். மற்ற அக்காமார்கள் திருமணமாகிப் போய்விட்டார்கள். எனவே நான்கு பையன்களும் பள்ளிக்கும் போனார்கள், சமையலும் செய்தார்கள். ரொட்டி சுட வரவில்லை. அரிசியையும் கறியையும் ஒன்றாகப் போட்டுப் புலவு செய்துகொண்டார்கள். அதுதான் சுலபமாக இருந்தது.

இந்த அத்தையைப் பற்றி வாழ்க்கை வரலாறுகள் இன்னொரு செய்தியும் சொல்கின்றன. அப்பா மறுமணம் செய்துகொண்டது சிறுவன் பீமுக்குப் பிடிக்கவில்லை. வீட்டை விட்டுப் போய்விட வேண்டும், பம்பாய்க்குப் போய் ஆலையில் வேலை தேட வேண்டும் என்று நினைத்தான். வழிச் செலவுக்குப் பணம் வேண்டுமே. அத்தை தன் இடுப்பில் செருகி வைத்திருந்த சுருக்குப் பையைத் திருடத் திட்டமிட்டான். அத்தையின் பக்கத்தில்தான் அவன் படுப்பான். சில இரவுகள் முயன்றும் கிடைக்கவில்லை. கடைசியில் ஒருநாள் பை கையில் வந்தது. திறந்து பார்த்தால் உள்ளே அரையணா மட்டுமே இருந்தது. வெட்கத்தில் அந்தத் திட்டத்தைக் கைவிட்டு, இனி ஊன்றிப் படித்துச் சொந்தக் காலில் நிற்பது என்று முடிவு செய்தான்.

இந்தக் கதையை நாம் பொதுவாக ஒரு சிறுவன் திருந்திய கதையாகச் சொல்லிவிட்டுப் போகிறோம். அத்தையின் பக்கமிருந்து பாருங்கள். நடக்க முடியாத ஒரு பெண், தாயில்லாப் பிள்ளைகள் நிறைந்த வீட்டுக்குப் பொறுப்பாக இருக்கிறார். அவர் கையிருப்பு அரையணா. அந்தப் பையை இரவிலும் இடுப்பை விட்டு எடுக்காமல் அவர் காத்ததில் ஒரு வீட்டின் நிதி நிர்வாகம் இருக்கிறது. பின்னாளில் ரூபாயின் சிக்கலைப் பற்றி லண்டனில் ஆய்வேடு எழுதிய பொருளாதார அறிஞர், பணத்தின் அருமையை முதலில் பார்த்தது அந்தச் சுருக்குப் பையில்தான்.

கத்தரிக்கோலும் சாதியும்

அதே நினைவுக்குறிப்பில் அம்பேத்கர் இரண்டு வேலைகளைப் பற்றித் தனியாகச் சொல்கிறார். ஒன்று துணி துவைப்பது, மற்றொன்று முடி வெட்டுவது. வீட்டில் துணிகளை அக்காமார்கள் துவைத்தார்கள். பீமராவுக்கும் மற்றப் பையன்களுக்கும் முடி வெட்டிவிட்டது மூத்த அக்கா. வெட்டி வெட்டிப் பழகி அவர் கைதேர்ந்தவராகவே ஆகிவிட்டார் என்று தம்பி சொல்கிறார். அந்த அக்காவின் பெயரை அந்த இடத்தில் அவர் குறிப்பிடவில்லை.

ஏன் அக்கா வெட்ட வேண்டும்? சத்தாராவில் முடிதிருத்துவோர் இல்லையா? இருந்தார்கள். கூலி கொடுக்கக் காசு இல்லையா? இருந்தது. தீண்டத்தகாதவர் தலையில் கைவைக்க எந்த முடிதிருத்துநரும் சம்மதிக்கவில்லை. தீண்டத்தகாதவர் துணியைத் துவைக்க எந்தச் சலவையாளரும் சம்மதிக்கவில்லை. இந்த இரண்டு காரணங்களையும் அம்பேத்கர் திட்டவட்டமாகப் பிரித்துச் சொல்கிறார். காசு இல்லாததால் இல்லை, சாதியால்தான் என்பதை வாசகர் தவறாமல் புரிந்துகொள்ள வேண்டும் என்ற கவனம் அதில் தெரிகிறது.

தோழர்களே, சாதியை வெறும் வறுமையாகச் சுருக்கிப் பேசுகிறவர்களுக்கு நாம் பெரிய கோட்பாட்டு நூல்களை எடுத்துக்காட்டுகிறோம். இந்தக் கத்தரிக்கோல் அதைவிட நேரடியான சான்று. ராம்ஜி ராணுவ அதிகாரி, ஓய்வூதியம் வாங்கியவர். கோரேகானுக்குக் கிளம்பிய பையன்கள் புதுச்சட்டையும் சரிகைத் தொப்பியும் பட்டுக்கரை வேட்டியும் உடுத்தியிருந்தார்கள். மசூர் ரயில் நிலையத்தில் அவர்களை நல்ல வீட்டுப் பிள்ளைகள் என்று நினைத்து அன்பாகப் பேசிய நிலைய அதிகாரி, மகர் என்ற சொல்லைக் கேட்டதும் முகம் மாறினார். இரட்டைக் கூலி தருவதாகச் சொன்ன பிறகும் வண்டிக்காரர் ஓட்ட மறுத்தார். பையன்களே வண்டியை ஓட்ட, வண்டிக்காரர் கூடவே நடந்துவந்தார். பணம் இருந்தும் வாங்க முடியாதவை இருந்தன. அப்படி வாங்க முடியாமல் போனவற்றை வீட்டில் இருந்தவர்கள் தங்கள் கையால் செய்துகொடுத்தார்கள்.

முடி வெட்ட மறுத்தவரும் துணி வெளுக்க மறுத்தவரும் சாதி அடுக்கில் உச்சியில் இருந்தவர்கள் இல்லை. அவர்களும் சாதி இந்துக்களால் தாழ்த்தி வைக்கப்பட்டவர்களே. தனக்குக் கீழே ஒருவர் இருக்கிறார் என்பதால் ஒவ்வொரு படியில் இருப்பவரும் அந்த ஏணியைக் காப்பாற்றுகிறார் என்று அம்பேத்கர் பிற்காலத்தில் படிநிலைச் சமத்துவமின்மையை விளக்கினார். அந்தச் சிந்தனைக்கு அவர் படித்த நூல்களும் ஆய்வும் காரணம் என்பதில் ஐயமில்லை. ஆனால் அக்காவின் முன்னால் தலைகுனிந்து உட்கார்ந்திருந்த சிறுவனுக்கு, கடைத்தெருவில் இருக்கும் முடிதிருத்துநர் ஏன் தன்னைத் தொடமாட்டார் என்ற கேள்வி முன்பே வந்துவிட்டது.

நமக்கு இது தொலைதூரச் செய்தி இல்லை. தமிழ்நாட்டில் தலித் மக்களுக்குத் துணி வெளுக்கவும் சடங்குகளைச் செய்யவும் புதிரை வண்ணார் என்று ஒரு சாதியே தனியாக ஒதுக்கப்பட்டு, அவர்கள் தீண்டத்தகாதவரிலும் தீண்டத்தகாதவராக நடத்தப்பட்டார்கள். ஊர்க் கடையில் முடி வெட்ட மறுக்கப்பட்டுப் பக்கத்து நகரத்துக்குப் பேருந்து ஏறிப் போன தலைமுறையினர் இந்த அரங்கிலும் இருப்பார்கள். அவர்களுக்கும் சிறுவயதில் முடி வெட்டிவிட்ட ஒரு கை வீட்டில் இருந்திருக்கும்.

பரேல் ஒற்றை அறை

1904இல் குடும்பம் பம்பாய்க்கு வந்தது. பரேல் பகுதி ஆலைத் தொழிலாளர் குடியிருப்பில் ஒரே ஓர் அறை. அதுதான் சமையலறை, அதுதான் படுக்கையறை, அதுதான் படிப்பறை. பாத்திரங்கள், விறகு, அடுப்புப் புகை, திரிகைக்கல், ஓர் ஆடு. இரண்டு பேர் ஒரே நேரத்தில் நிம்மதியாகப் படுக்க இடமில்லாத அறையில் ராம்ஜி ஒரு முறையைக் கண்டுபிடித்தார். மகனை முன்னிரவில் தூங்கச் சொல்லிவிட்டுத் தான் விழித்திருப்பார். அதிகாலை இரண்டு மணிக்கு மகனை எழுப்பிப் படிக்க உட்காரவைத்துவிட்டு, அந்த இடத்தில் தான் படுத்துக்கொள்வார். மண்ணெண்ணெய் விளக்கின் வெளிச்சத்தில் பையன் விடியும்வரை படிப்பான்.

புத்தகங்களுக்குப் பணம் வேண்டும். பீமராவ் பாடப் புத்தகங்களோடு நிற்கும் பையன் இல்லை. ராம்ஜியின் சொற்ப ஓய்வூதியத்தில் அதற்கு இடமில்லை. அப்போதெல்லாம் அவர் திருமணமான மகள்களின் வீட்டுக்குப் போவார். முதலில் இளைய மகளிடம் கைமாற்றுக் கேட்பார். அவளிடம் இல்லையென்றால் மூத்த மகளிடம் போவார். மகள் தன் நகை ஒன்றைக் கழற்றிக் கொடுப்பாள். அதை மார்வாடிக் கடையில் அடகு வைத்துப் புத்தகம் வாங்குவார். ஓய்வூதியம் வந்ததும் மீட்டுத் திருப்பிக் கொடுப்பார். தனஞ்செய் கீர் எழுதிய வாழ்க்கை வரலாற்றில் இந்தச் செய்தி சில வரிகளில் வந்துபோகிறது.

அடகுக்கடையை அறிந்த நம் வீடுகளுக்கு அந்தச் சில வரிகளின் கனம் தெரியும். திருமணமான பெண்ணின் நகை புகுந்த வீட்டின் கண்பார்வையில் இருக்கும் பொருள். அதைக் கழற்றி அப்பாவின் கையில் கொடுக்கும்போது அந்த வீட்டில் அவள் என்ன பதில் சொல்லியிருப்பாள்? மஞ்சுளா, துளசா என்று அந்த அக்காமார்களின் பெயர்கள் வரலாற்றில் இருக்கின்றன. அம்பேத்கரின் நூலகத்தைப் பற்றிப் பேசும்போதெல்லாம் அதன் முதல் புத்தகங்களுக்குப் பொறுப்புக் கொடுத்த இவர்களையும் சொல்ல வேண்டும்.

அடுத்து அண்ணன் ஆனந்தராவ். இரண்டு பையன்களையும் படிக்கவைக்க ராம்ஜியால் முடியவில்லை. ஒருவர் படிப்பை நிறுத்த வேண்டும். மூத்தவரான ஆனந்தராவ் நிறுத்தினார், வேலைக்குப் போனார். பீமராவ் எல்பின்ஸ்டன் உயர்நிலைப் பள்ளியில் தொடர்ந்து படித்து 1907இல் மெட்ரிக் தேறினார். தீண்டத்தகாத சமூகத்துப் பையன் மெட்ரிக் தேறியது அரிய நிகழ்ச்சி என்பதால் பாராட்டுக் கூட்டம் நடந்தது. ஆசிரியர் கிருஷ்ணாஜி கேளுஸ்கர் தாம் எழுதிய புத்தர் வரலாற்றைப் பரிசளித்தார். அந்தப் புத்தகம் 1956 அக்டோபர் 14 நாக்பூர் தீட்சை வரை நீளும் பாதையின் தொடக்கம் என்று நாம் எழுதுகிறோம், சரிதான். அந்தக் கூட்டம் நடக்க ஆனந்தராவின் சம்பளமும் ஒரு காரணம் என்பதையும் சேர்த்து எழுதவேண்டும்.

1912இல் பீமராவ் பம்பாய்ப் பல்கலைக்கழகத்தில் பட்டம் பெற்றார். 1913 தொடக்கத்தில் பரோடா சமஸ்தான வேலைக்குப் போன சில நாட்களிலேயே அப்பாவுக்கு உடல்நிலை மோசம் என்று தந்தி வந்தது. திரும்பும் வழியில் அப்பாவுக்கு இனிப்பு வாங்குவதற்காகச் சூரத் நிலையத்தில் இறங்கினார், ரயில் போய்விட்டது. மறுநாள்தான் வீடு வந்து சேர முடிந்தது. 1913 பிப்ரவரி 2 அன்று ராம்ஜி மறைந்தார். மகன் கொலம்பியா பல்கலைக்கழகத்துக்குக் கப்பல் ஏறியதை அவர் பார்க்கவில்லை. அதிகாலை இரண்டு மணிக்கு எழுப்பிவிட்ட மனிதர் விதைத்தது என்ன என்பதை அவர் அறுவடை செய்யவில்லை.

ரமாபாய்

ரமாபாய் தாபோலிக்கு அருகிலுள்ள வணந்த் கிராமத்தைச் சேர்ந்தவர். தந்தை பிக்கு, தாபோல் துறைமுகத்தில் மீன் கூடைகளைச் சுமந்தவர். பெற்றோரைச் சிறுவயதிலேயே இழந்தவர் ரமாபாய். பைகுல்லா சந்தையில், பகல் வியாபாரம் முடிந்து இடம் காலியான பிறகு, இரவில் திருமணம் நடந்தது. விடிவதற்குள் சந்தைக்காரர்களுக்கு இடத்தைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். மணமகன் பள்ளி மாணவர், மணமகள் சிறுமி. அந்தக் காலத்து வழக்கம் அது.

அவருடைய இல்லற வாழ்க்கையில் கணவர் பல ஆண்டுகள் கடல் தாண்டி இருந்தார். முதலில் 1913 முதல் 1917 வரை நியூயார்க்கிலும் லண்டனிலும்; பிறகு 1920 முதல் 1923 வரை மீண்டும் லண்டனில். பரேல் பொய்பாவாடியில் மேம்பாட்டு அறக்கட்டளைக் குடியிருப்பின் இரண்டு அறைகளில் அந்த வீடு நடந்தது. ஆனந்தராவ் மறைந்தபின் அவர் மனைவி லட்சுமிபாயும் மகன் முகுந்தும் அந்த வீட்டிலேயே இருந்தார்கள். இரண்டு பெண்களும் சேர்ந்து அந்த வீட்டைத் தாங்கினார்கள். ஆனந்தராவ் தம்பிக்காகப் படிப்பை விட்டார். அவருடைய மனைவியும் மகனும் அந்தத் தம்பியின் வீட்டில் வாழ்ந்தார்கள். கொடுக்கல் வாங்கலை எழுதி வைக்காத கணக்கு இது. நம் குடும்பங்கள் பலவும் இப்படித்தான் நிலைத்தன.

ரமாபாய் சாணி சுமந்தார் என்று மராத்திய மக்கள் பாடல்களில் பாடுகிறார்கள். இது பக்தியால் சேர்ந்த கதை என்று யாரும் நினைக்க வேண்டாம். அம்பேத்கரே தம் 'பகிஷ்கிருத் பாரத்' இதழில் இதை எழுதியிருக்கிறார். தாம் வெளிநாட்டில் இருந்தபோது குடும்பப் பாரத்தை மனைவி சுமந்ததையும், வறுமையில் தலையில் சாணி சுமக்கவும் அவர் தயங்காததையும், அப்படிப்பட்டவருக்கு ஒரு நாளில் அரை மணி நேரத்தைக்கூடத் தம்மால் ஒதுக்க முடியவில்லை என்பதையும் அவர் சொல்கிறார். 1927இல் தொடங்கிய இயக்கப் பத்திரிகையில், இயக்கத்துக்கு மக்கள் பட்டிருக்கும் கடனைப் பற்றி எழுதும்போது அவர் இதைச் சொன்னார். தன் வீட்டின் உழைப்பையும் இயக்கத்தின் கணக்கில்தான் அவர் வைத்தார். இதை நாம் கவனிக்க வேண்டும்.

ரமாபாய் பெற்ற ஐந்து குழந்தைகளில் யஷ்வந்த் மட்டுமே பிழைத்தார். கடைசி மகன் ராஜரத்னா 1926 ஜூலையில் இறந்தான். அந்தத் துயரத்தை நண்பருக்கு எழுதிய கடிதத்தில் அம்பேத்கர் கொட்டியிருக்கிறார். எட்டு மாதம் கழித்து, 1927 மார்ச் 20 அன்று, மகாதில் சவதார் குளத்துத் தண்ணீரைக் கையில் அள்ளினார். மகாத் போராட்டத்தை நாம் நாள் தவறாமல் நினைவுகூர்கிறோம். மகனை இழந்து ஓராண்டு நிறையாத ஒரு வீட்டிலிருந்துதான் அவர் அங்கே புறப்பட்டுப் போனார்.

பண்டரிபுரத்துக்குப் போய் விட்டலனைத் தரிசிக்க வேண்டும் என்று ரமாபாய் ஆசைப்பட்டார். தீண்டத்தகாதவர் வாசலுக்கு வெளியே நின்றுதான் வணங்க முடியும். அந்தப் பண்டரிபுரம் நமக்கு வேண்டாம், நம் மக்களுக்காக வேறொரு பண்டரிபுரத்தை உருவாக்குவோம் என்று கணவர் சொன்னார். 1935 மே 27 அன்று ரமாபாய் மறைந்தார். அப்போது அவருக்கு முப்பத்தேழு வயது. சில நாட்களில், ஜூன் மாதத்தில், அம்பேத்கர் பம்பாய் அரசு சட்டக் கல்லூரியின் முதல்வரானார். வறுமை முடிந்த காலத்தில் அவர் இல்லை. அதே ஆண்டு அக்டோபர் 13 அன்று இயோலாவில், இந்துவாகப் பிறந்தேன், இந்துவாக இறக்கமாட்டேன் என்ற அறிவிப்பு வந்தது. பாகிஸ்தான் குறித்துத் தாம் எழுதிய நூலை அம்பேத்கர் ராமுவின் நினைவுக்குக் காணிக்கையாக்கினார். துணைக்கு நண்பர்கள் இல்லாத, பஞ்சமும் கவலையும் நிறைந்த நாட்களில் அவர் காட்டிய மன உறுதியைத்தான் அந்தக் காணிக்கையில் நினைவுகூர்ந்தார்.

தியாகம் என்ற சொல்லில் மறைவது

இவர்கள் எல்லோரையும் 'தியாகிகள்' என்று சொல்லி முடித்துவிடலாம். அப்படிச் சொல்வதில் நமக்குத் தயக்கம் இருக்கிறது. தியாகம் என்ற சொல், கொடுத்தவரைப் புகழ்ந்துவிட்டு, கொடுக்க வைத்தவரை விட்டுவிடுகிறது. ஆனந்தராவ் ஏன் படிப்பை விட வேண்டியிருந்தது? இரண்டு பையன்களில் ஒருவரைத்தான் படிக்கவைக்க முடியும் என்ற நிலைக்கு ஒரு தகப்பனைத் தள்ளியது எது? 1890களில் ஆங்கில அரசு மகர்களைப் படையில் சேர்ப்பதை நிறுத்தியது. ராம்ஜியின் முன்னோரும் ராம்ஜியும் மேலே வந்த ஒரே வழி அது. அந்த வழி பிள்ளைகளின் தலைமுறைக்கு அடைபட்டது. இதைச் சொல்லாமல் ஆனந்தராவை மட்டும் புகழ்ந்தால், அவரிடமிருந்து பறிக்கப்பட்ட படிப்பை அவராக விரும்பிக் கொடுத்ததாக ஆகிவிடும்.

இன்னொன்றையும் நாம் நேர்மையாகப் பேச வேண்டும். சத்தாரா வீட்டில் பள்ளிக்குப் போன நால்வரும் பையன்கள். துணி துவைத்தவர்களும் முடி வெட்டியவரும் நகை கொடுத்தவர்களும் பெண்கள். வீட்டுக்கு வெளியே சாதி மறுத்ததை ஈடுகட்டிய சுமை, வீட்டுக்குள் பெண்கள் மேல் கூடுதலாக இறங்கியது. இதை அம்பேத்கர் உணராதவர் இல்லை. 1913இல் நியூயார்க் போய்ச் சேர்ந்ததும் அப்பாவின் நண்பர் ஒருவருக்கு எழுதிய கடிதத்தில், ஆண் கல்வியோடு பெண் கல்வியும் சேர்ந்து நடந்தால்தான் நம் முன்னேற்றம் வேகம் பெறும் என்று இருபத்திரண்டு வயது மாணவராக அவர் எழுதினார். 1927 டிசம்பரில் மகாதில் பெண்களைத் தனியாகக் கூட்டிப் பேசினார். 1942 ஜூலையில் நாக்பூரில் நடந்த ஒடுக்கப்பட்ட வகுப்புப் பெண்கள் மாநாட்டுக்கு இருபத்தைந்தாயிரம் பெண்கள் வந்தார்கள். சுலோசனா டோங்ரே தலைமை வகித்தார். முடி வெட்டிய அக்காவின் தலைமுறைக்குக் கிடைக்காத மேடை அவர்களின் பெண்களுக்கும் பேத்திகளுக்கும் கிடைத்தது.

மராத்தியில் ஊர்மிளா பவாரும் மீனாட்சி மூனும் ஊர் ஊராகப் போய், அம்பேத்கர் இயக்கத்தில் இருந்த பெண்களைச் சந்தித்து அவர்களின் வரலாற்றைத் தொகுத்தார்கள். 'நாங்களும் வரலாறு படைத்தோம்' என்பது அந்த நூலின் பெயரின் பொருள். ஊர்மிளா பவார் தம் தன்வரலாற்றுக்கு 'ஆய்தான்' என்று பெயர் வைத்தார். கணவர் இறந்தபின் மூங்கில் கூடை முடைந்து பிள்ளைகளைப் படிக்கவைத்த தாயின் தொழிலைக் குறிக்கும் சொல் அது. தமிழில் பாமாவின் 'சங்கதி' பாட்டியின் குரலோடு நடக்கிறது. தலித் இலக்கியம் இந்த வீட்டு உழைப்பை வரலாற்றாசிரியர்களுக்கு முன்பே கண்டுகொண்டது. நம்மைப் போன்ற இலக்கிய மன்றங்களின் பங்கும் இதில் இருக்கிறது.

மாணவர்கள் செய்ய வேண்டியது

தமிழ் வரலாற்றிலும் இப்படி ஒரு குடும்பத்துப் பெயர் தப்பிப் பிழைத்திருக்கிறது. அயோத்திதாசப் பண்டிதரின் பாட்டனார் கந்தப்பன், ஹாரிங்டன் என்ற ஆங்கிலேய அதிகாரியின் வீட்டில் பட்லராக இருந்தவர். தன் வீட்டில் வைத்துக் காத்த திருக்குறள் ஏட்டுச்சுவடியை அந்த அதிகாரி வழியாக எல்லிஸ் துரையிடம் அவர் சேர்த்ததைப் பேரன் எழுதிவைத்தார். பேரனுக்குச் சொந்தமாகப் 'தமிழன்' பத்திரிகை இருந்தது, எழுதினார். நமக்கு அது கிடைத்தது. எழுதாமல் விட்டிருந்தால் சமையலறையில் நின்ற ஒருவரின் பெயரை எந்த அரசு ஆவணம் நமக்குச் சொல்லியிருக்கும்?

இங்கே வந்திருக்கும் மாணவர்களில் பலர் முதல் பட்டதாரிச் சான்றிதழ் வாங்கியவர்கள். குடும்பத்தில் வேறு யாரும் பட்டம் பெறவில்லை என்று வட்டாட்சியர் அலுவலகம் விசாரித்துக் கொடுக்கும் தாள் அது. கட்டணச் சலுகைக்காக அதை வாங்குகிறோம். ஆனால் அந்த விண்ணப்பத்தில் தாத்தா, பாட்டி, அப்பா, அம்மா, அண்ணன், அக்கா என்று ஒவ்வொரு பெயருக்கு நேராகவும் எழுதும் படிப்பு விவரத்தைத் திரும்பப் பாருங்கள். 'எட்டாம் வகுப்பு', 'ஐந்தாம் வகுப்பு', 'படிக்கவில்லை'. அண்ணன் எட்டாம் வகுப்போடு நின்ற ஆண்டில் வீட்டில் என்ன நடந்தது? அந்த ஆண்டு யார் பள்ளியில் சேர்ந்தார்கள்? பாட்டிக்குப் பள்ளிக்கூடம் இல்லாததா காரணம், இருந்த பள்ளியில் சேர்க்காததா காரணம்?

இந்தக் கேள்விகளை அவர்கள் உயிரோடு இருக்கும்போதே கேளுங்கள். தேதி சரியாக நினைவில்லாவிட்டால் வெள்ளம் வந்த வருடம், பஞ்சம் வந்த வருடம், தேர்தல் நடந்த வருடம் என்று கேட்டால் சொல்வார்கள். எந்த நகை எந்தக் கடையில் அடகு போனது, மீண்டதா மூழ்கியதா என்று கேளுங்கள். கூலி எவ்வளவு, நெல்லாகவா காசாகவா என்று கேளுங்கள். ஊரில் யார் முடி வெட்ட மறுத்தார், எந்தக் கிணற்றில் தண்ணீர் எடுக்க விடவில்லை, தேநீர்க் கடையில் எந்தக் குவளை கொடுத்தார்கள் என்று கேளுங்கள். அவர்கள் பேச்சிலேயே எழுதிவையுங்கள், திருத்த வேண்டாம். புகழ்ந்து எழுதவும் வேண்டாம். எந்த வேலையை யார் செய்தார், அந்த வேலையை அவர் செய்யும்படி யார் ஆக்கினார் என்ற இரண்டும் அந்தப் பதிவில் இருக்க வேண்டும். முதலாவது மட்டும் இருந்தால் அது குடும்பப் பாசம். இரண்டும் சேர்ந்தால் அது சாதியின் வரலாறு.

அம்பேத்கர் தம் நினைவுக்குறிப்பில் அக்காவின் கத்தரிக்கோலைப் பற்றி ஒரு சில வரிகள்தான் எழுதினார். அந்த வரிகள் இருந்ததால்தான் நூறாண்டுக்கு மேல் கழித்து, சத்தாராவில் ஒரு வீட்டுக்குள் நடந்ததை இங்கே நாம் பேச முடிகிறது. உங்கள் வீட்டைப் பற்றிய வரிகளை உங்களைத் தவிர வேறு யாரும் எழுதப்போவதில்லை.

ஜெய்பீம்.